நண்பரோடு வாடகை பைக்கில் தாய்லாந்து மலைச்சுற்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மே ஹாங் சோன் சுற்றுப்பாதை பற்றி எழுதியிருந்தேன். வடதாய்லாந்தில் சியாங் மாய் நகரத்தில் வாடகைக்கு பைக் எடுத்து, மே சரியாங், மே ஹாங் சோன், பாய் என்று மலைகளுக்குள் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் சுற்றி மறுபடியும் சியாங் மாய்க்கே வந்து சேரும் பாதை அது. வந்த கடிதங்களில் பாதையைப் பற்றிக் கேட்டவர்களை விடக் கூட வரும் நண்பரைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். நியாயமான கவலைதான். இந்த மாதிரி பயணம் நல்லபடியாக முடிவதும் பாதியில் கசந்துபோவதும் பெரும்பாலும் அந்த இருவர் கையில்தான் இருக்கிறது, வண்டியின் கையில் இல்லை.

கேள்வி: நானும் என் நண்பனும் முதல்முறையாக வெளிநாட்டில் பைக் ஓட்டப் போகிறோம். அவன் வியட்நாம் என்கிறான், நான் தாய்லாந்து என்கிறேன். எது சரி?

வியட்நாம் மிக அழகான நாடு, அதில் உங்கள் நண்பரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் முதல் பயணம் என்றால் நான் உங்கள் பக்கம்தான். தாய்லாந்தில் இடதுபக்கம் ஓட்ட வேண்டும், வியட்நாமில் வலதுபக்கம். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் எதிரே லாரி திடீரென்று வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, பழகிய பக்கத்துக்குத்தான் கை தானாகத் திருப்பும். இடதுபக்கமே ஓட்டிப் பழகியவருக்கு அந்த ஒரு நொடி எந்தப் பக்கம் திருப்புகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

இன்னொரு காரணம் காகிதம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில், சாலைப் போக்குவரத்து பற்றி நாடுகள் போட்ட 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தருவது ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படி தருவது இன்னொன்று. இந்தியாவில் தருவது 1949 வகை. தாய்லாந்து இரண்டு ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. வியட்நாம் 1968 ஒப்பந்தத்தில் மட்டும்தான் சேர்ந்திருக்கிறது, அதுவும் 2014இல். அதனால் இந்திய அனுமதியை வைத்துக்கொண்டு அங்கே ஓட்டினால், சட்டப்படி நீங்கள் உரிமம் இல்லாமல் ஓட்டுகிறவர். வாடகைக் கடைக்காரர் சாவியைச் சிரித்துக்கொண்டே கொடுப்பார். எல்லாம் நன்றாகப் போகும்வரை ஒன்றும் தெரியாது, விழுந்த பிறகுதான் அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

கேள்வி: என்னிடம் கார் உரிமம் இருக்கிறது, பைக் உரிமம் இல்லை. சியாங் மாயில் யாரும் கேட்பதில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நிஜமா?

கடையில் பலர் கேட்பதில்லை என்பது நிஜம். போலீஸ் கேட்பார்கள். சியாங் மாய் நகருக்குள்ளேயே சாலைச் சோதனை அடிக்கடி நடக்கும், தலைக்கவசமும் உரிமமும்தான் அவர்கள் முதலில் பார்ப்பது. சர்வதேச அனுமதியில் பைக்குக்கு உரிய பிரிவில் முத்திரை இருக்க வேண்டும், கார் பிரிவில் மட்டும் இருந்தால் அது பைக்குக்கு வெறும் தாள். அனுமதியோடு சொந்த நாட்டு அசல் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள், ஒன்று இல்லாமல் மற்றது செல்லாது.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம், அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எனக்குப் பயம் காப்பீடுதான். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில், ஓட்டும் வண்டிக்கு உரிய உரிமம் இல்லாவிட்டால் ஒரு காசும் கிடையாது என்ற வரி அநேகமாக இருக்கும். சிலவற்றில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டியே சேராது, சிலவற்றில் பைக் என்றாலே தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். தொடை எலும்பு முறிந்து தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை, பிறகு ஊர் திரும்ப விமானத்தில் படுக்கை வசதி என்று போனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைந்துவிடும். ஆகவே பைக் உரிமம் எடுத்துவிட்டு அடுத்த வருடம் போங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. ‘ஸ்கூட்டர்தானே, கியர் கிடையாது, அங்கே போய் ஒரே நாளில் கத்துக்கலாம்’ என்கிறான் நண்பன்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி தாய்லாந்தில் 2016ஆம் ஆண்டு மட்டும் 22,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தார்கள், அவர்களில் 74 விழுக்காட்டினர் இரண்டு, மூன்று சக்கர வண்டிகளில் போனவர்கள். அந்தச் சாலைகளிலேயே வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. சியாங் மாயிலிருந்து பாய்க்கு மினிவேன் போகிறது, அதில் போங்கள். இல்லையென்றால் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பின்னால் உட்காருங்கள். நண்பர் ஆசைப்படுகிறார் என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரே வண்டியில் இருவரும் போகலாமா, ஆளுக்கொரு வண்டி எடுக்கலாமா? எந்த வண்டி?

இருவருக்கும் உரிமமும் பழக்கமும் இருந்தால் ஆளுக்கொரு வண்டி. காசு கொஞ்சம் கூடும், அதைப் பார்க்காதீர்கள். 125 சிசி ஸ்கூட்டரில் இரண்டு பெரியவர்களும் இரண்டு பைகளும் ஏறிக்கொண்டால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அது பரவாயில்லை, மெதுவாகப் போகலாம். சிக்கல் இறக்கத்தில்தான்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் வாடகைக் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. கியர் வண்டியில் இறக்கத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு, அதுவும் வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே கிளட்ச் விலகிவிடும், அதற்கப்புறம் என்ஜின் எதையும் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பல கிலோமீட்டர் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே போனால் அது சூடாகிச் சூடாகி ஒரு கட்டத்தில் பிடிப்பதே இல்லை. டோய் இந்தனோன் மலையிலிருந்து மே சேம் பக்கம் இறங்கும் 1192 எண் சாலை அப்படிப்பட்ட செங்குத்து இறக்கம். அங்கே ஸ்கூட்டரில் இருவராக இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தனியாக இறங்கினாலும் வண்டியை நிற்கும் நிலைக்குக் கொண்டுவராமல், என்ஜின் பிடிப்பு இருக்கும் வேகத்திலேயே வைத்து, பிரேக்கை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, முன்பின் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

அதனால்தான் எனக்கு ஹோண்டா வேவ் மாதிரி வண்டி பிடிக்கும். காலில் கியர் உண்டு, கையில் கிளட்ச் கிடையாது, எடை குறைவு, எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வார். ஸ்கூட்டர்தான் வசதி என்றால் ஹோண்டா கிளிக் 125 போதும், தனி ஆளாக. பெரிய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு சியாங் மாயில் சிபி500எக்ஸ், வெர்சிஸ் 650 எல்லாம் கிடைக்கும், வாடகையும் முன்பணமும் பல மடங்கு. ஊரில் 110 சிசி ஓட்டுகிறவர் அங்கே போய் முதல்முறையாக 500 சிசியில் ஏற வேண்டாம்.

இருவரும் ஒரே மாடல் எடுப்பது நல்லது. பெட்ரோல் ஒரே சமயத்தில் தீரும், ஏற்றத்தில் ஒரே மாதிரி ஏறும், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து சலிக்க மாட்டார். ஒருவர் ஸ்கூட்டரிலும் மற்றவர் 650 சிசியிலும் போனால் அது சேர்ந்து போகும் பயணமே இல்லை, ஒரே ஊரில் ராத்திரி தங்குகிற இரண்டு தனிப் பயணங்கள்.

பின்னால் உட்காருபவர்களுக்கு ஒன்று: இடதுபக்கமாகவே ஏறி இடதுபக்கமாகவே இறங்குங்கள். வலதுபக்கம் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். அரைக்கால் சட்டையோடு இறங்கி, வலது கெண்டைக்காலில் வட்டமாகச் சுட்டுக்கொண்டு, மீதிப் பயணம் முழுக்கக் கட்டோடு நடப்பவர்களை பாய் தெருக்களில் நிறையப் பார்க்கலாம்.

கேள்வி: என் நண்பன் வேகமாக ஓட்டுவான். நான் நிதானம். அவனோடு சேர்ந்து போக முடியாமல் திணறுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால் என்னைக் கிண்டல் செய்வான்.

உங்கள் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தப் பயம் வெட்கப்பட வேண்டியது இல்லை, இது உங்களைக் காப்பாற்றும் பயம். இருவரில் மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான் பயணத்தின் வேகம், அதில் பேரம் கிடையாது. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவரோடு வேறு எந்தப் பயணமும் போகலாம், இது மட்டும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மலைப்பாதையில் முன்னால் போகும் நண்பரின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது ஒரு பொறி. கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். விளக்கைப் பார்த்தால் வளைவு தெரியாது, அவர் எந்த வேகத்தில் நுழைந்தாரோ அதே வேகத்தில் நீங்களும் நுழைந்துவிடுவீர்கள், பாதி வளைவில்தான் இது எனக்கு அதிகம் என்று புரியும், அங்கே பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். அவர் கெட்டிக்காரர், தப்பித்துவிடுவார். நீங்கள் எதிர்ப்பக்கத்துக்கோ பள்ளத்துக்கோ போவீர்கள்.

ஆகவே மலையில் நீங்கள் முன்னால் போங்கள், அவர் பின்னால் வரட்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை நெருக்கக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அவருக்கு அடக்க முடியவில்லையா, நல்ல நேர்ச்சாலையில் முன்னால் போய் அடுத்த ஊரில் டீ குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். எந்த இடம் என்பதைக் கிளம்பும்போதே பேசிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. பிரியும் சாலை வந்தால் மட்டும் யார் முன்னால் இருந்தாலும் நின்று, மற்றவர் வந்து கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும். கைப்பேசி சிக்னல் மலைக்குள் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் வரைபடத்தை இருவருமே இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கைப்பேசியை நம்பி இருவர் போவது சரியில்லை.

வளைவில் உங்கள் பாதியின் இடது பக்கத்தோடு இருங்கள், ஆனால் சாலையின் விளிம்புவரை போகாதீர்கள், அங்கே சரளையும் காய்ந்த இலையும் கிடக்கும். நடுக்கோட்டை ஒட்டியும் வேண்டாம், எதிரே வரும் மினிவேன்களும் லாரிகளும் வளைவை வெட்டிக்கொண்டு உங்கள் பாதிக்குள் வருவது சர்வசாதாரணம். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், உள்ளே போன பிறகு அல்ல. படம் எடுக்கத் தோன்றினால் திடீரென்று நிறுத்தாமல், கையைக் காட்டி, அகலமான இடம் பார்த்து ஒதுங்குங்கள். நண்பரின் வண்டியே நண்பரைப் பின்னாலிருந்து இடிக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

கிண்டலைப் பற்றிக் கேட்டீர்கள். கிண்டல் செய்தால் செய்யட்டும். ஆனால் ஒரு நாள் முழுக்க உங்கள் பின்னால் நிதானமாக வந்தபிறகு அவரே மலையைப் பார்க்க ஆரம்பிப்பார் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடகு கேட்கிறார்களாமே. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நகலும் ரொக்க முன்பணமும் வாங்கிக்கொள்ளும் கடைகள் நிறைய உண்டு, அங்கே எடுங்கள். பாஸ்போர்ட் அவர்கள் மேசையில் இருக்கும்போது, திருப்பிக் கொடுக்கும் நாளில் அவர்கள் சொல்வதுதான் கீறலின் விலை. தவிர இந்தப் பாதை மியான்மர் எல்லையை ஒட்டிப் போவதால் வழியில் ராணுவ, போலீஸ் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, அங்கே பாஸ்போர்ட் கேட்கலாம். விடுதியிலும் கேட்பார்கள்.

வண்டியை எடுக்கும்போது கடைக்காரர் எதிரிலேயே சுற்றி வந்து வீடியோ எடுங்கள்: பிளாஸ்டிக் மூடிகள், கண்ணாடிகள், பிரேக் லிவரின் முனை, சைலன்சர், சக்கர விளிம்பு, கிலோமீட்டர் எண். டயரின் பள்ளம் தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். வண்டியை உருட்டி பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பதிவுப் புத்தகத்தின் நகல் இருக்கையின் அடியில் இருக்க வேண்டும். தலைக்கவசத்தை மட்டும் முடிந்தால் சொந்தமாக எடுத்துப் போங்கள். கடையில் தருவது பலர் தலையில் மாறி மாறி இருந்து தளர்ந்தது, தாடையில் இறுகப் பிடிக்காது. போடாவிட்டால் 2,000 பாத் வரை அபராதம் என்பது வேறு.

கடைக்காரர் ‘காப்பீடு இருக்கிறது’ என்றால் எந்தக் காப்பீடு என்று கேளுங்கள். அநேகமாக அது ‘போ ரோ போ’ என்று அங்கே சொல்லும் கட்டாயக் காப்பீடு. அது அடிபட்டவரின் சிகிச்சைக்கு ஓரளவு பணம் தரும், யார் தவறு என்று பார்க்காமல் முதலில் தருவது 30,000 பாத் வரை. வண்டிக்கு ஆன சேதத்துக்கோ திருட்டுக்கோ அதில் ஒன்றும் கிடையாது. அதற்குத் தனிக் காப்பீடு தரும் கடை கிடைத்தால் வாடகை கூடினாலும் அதையே எடுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் வேண்டும்? எந்த மாதம்? எந்தத் திசையில் சுற்றுவது?

நான்கு நாளில் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. ஆறு நாளாவது வையுங்கள் என்பேன், ஏனென்றால் இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தினமும் ஓட்டினால் கழுத்தும் மணிக்கட்டும் வலித்து, எரிச்சல் முழுக்க நண்பர் மேல்தான் போகும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மிகச் சிறந்த காலம். காலையில் மலையில் நல்ல குளிர் இருக்கும், 2,565 மீட்டர் உயரமுள்ள டோய் இந்தனோன் உச்சியில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனியே விழுவதுண்டு, அதனால் கையுறையும் காற்றுத் தடுக்கும் சட்டையும் கட்டாயம். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை வயலையும் காட்டையும் எரிக்கும் புகை பள்ளத்தாக்குகளில் தேங்கிவிடும், எதிர்மலையே தெரியாது, மூச்சுக்கும் கெடுதல். டிக்கெட் மலிவு என்று அந்த மாதங்களில் போகாதீர்கள். ஏப்ரல் நடுவில் சொங்க்ரான் புத்தாண்டு, சாலையில் வருவோர் போவோர் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள், விபத்தும் அந்த நாட்களில் அதிகம். மழைக்காலம் பச்சையோ பச்சை, ஆனால் சாலை வழுக்கும். நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும்.

திசையைப் பொறுத்தவரை, பலர் முதலில் பாய் போகிறார்கள், ஆசை அப்படி. நான் தெற்கிலிருந்து, கடிகாரச் சுற்றில் போகச் சொல்வேன். சியாங் மாயிலிருந்து 108 எண் சாலையில் ஹோட் வழியாக மே சரியாங், ஏறக்குறைய 190 கிலோமீட்டர். இந்தப் பக்கம் வளைவுகள் அகலம், போக்குவரத்தும் குறைவு, வாடகை வண்டியோடு கை பழக இடம் கிடைக்கும். வழியில் ஓப் லுவாங் என்ற இடத்தில் ஆறு பாறைச் சுவர்களுக்கு இடையில் ஒடுங்கி ஓடுகிறது, அங்கே இறங்கிக் கொஞ்சம் நடங்கள். மே சரியாங் ஆற்றங்கரையில் ஒரு அமைதியான சிற்றூர், முதல் இரவுக்குப் பொருத்தம்.

மறுநாள் வடக்கே மே ஹாங் சோன். நடுவில் குன் யுவாமில் மதியம் நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்த ஜப்பானிய வீரர்கள் தங்கிய ஊர் அது, அந்தக் காலத்துப் பொருட்களோடு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. நவம்பரில் போனால் பக்கத்து மலையான டோய் மே ஊ கோ முழுக்க மஞ்சள் நிறத்தில் மெக்சிகோ சூரியகாந்தி பூத்துக்கிடக்கும். அதைப் பார்க்கவென்றே தாய்லாந்துக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

மே ஹாங் சோனில் ஒரு நாள் வண்டியைத் தொடாதீர்கள். சோங் கம் என்ற சின்ன ஏரி, கரையில் ஷான் மக்களின் அடுக்குக் கூரைக் கோயில்கள் இரண்டு, பனி விலகும் நேரத்தில் தண்ணீரில் அவற்றின் நிழல். அடுத்த நாள் காலையில் பையை விடுதியிலேயே வைத்துவிட்டு, எல்லையோரம் இருக்கும் பான் ரக் தாய் போய்வரலாம், யுன்னானிலிருந்து வந்த சீனர்களின் ஊர், தேயிலைத் தோட்டம், மண் வீடுகள். கடைசியில் வரும் ஏற்றம் கடுமையானது.

அப்புறம்தான் 1095, பாய் சாலை. சியாங் மாய்க்கும் பாய்க்கும் நடுவில் மட்டும் 762 வளைவுகள் என்று சட்டையிலெல்லாம் அச்சடித்து விற்கிறார்கள், முழுச் சுற்றுக்கும் 1,864 என்பது அங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் எண். மே ஹாங் சோனிலிருந்து பாய் 110 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு முழுப் பகலை அதற்குக் கொடுங்கள். நடுவில் சொப்போங் பக்கத்தில் தம் லோட் குகை: ஆறே குகைக்குள் புகுந்து வெளியே வருகிறது, உள்ளூர் வழிகாட்டி விளக்கோடு கூட வருவார், மூங்கில் தெப்பத்தில் போகலாம். பாயில் ஒரு நாள் ஓய்வு. கடைசி நாள் சியாங் மாய்க்கு இறங்கும்போது மினிவேன்கள் பின்னால் நெருக்கும், ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

டோய் இந்தனோனை இந்தச் சுற்றோடு சேர்க்க வேண்டாம். சியாங் மாயிலிருந்து தனியாக ஒரு நாள் போய்வாருங்கள், வந்த வழியிலேயே. அந்த மலை இருக்கும் தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டவர் கட்டணம் 300 பாத்.

எந்த நாளாக இருந்தாலும் காலையில் சீக்கிரம் கிளம்பி, நான்கு மணிக்கெல்லாம் தங்குமிடத்தில் இருங்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மலையில் தெருவிளக்கு கிடையாது, நாய்களும் மாடுகளும் சாலையில் படுத்திருக்கும். பாதி டாங்க் காலியானதும் பங்க் கண்ணில் பட்டால் நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: செலவை எப்படிப் பிரிப்பது? ஒருவர் வண்டியைக் கீழே போட்டால் யார் கட்டுவது?

அறை, சாப்பாடு, பெட்ரோலுக்குப் பொதுப் பணப்பை ஒன்று, இருவரும் சம அளவு போட்டு, தீர்ந்ததும் மறுபடி போடுங்கள். கணக்கு எழுதும் வேலையே இல்லை. வண்டிச் சேதத்துக்கு மட்டும், யார் ஓட்டினாரோ அவர் கட்டுவது என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ‘அப்போது பார்த்துக்கலாம்’ என்று விட்ட விஷயம் அப்போது பெரிய மனக்கசப்பாக வரும், பல வருட நட்பில் ஒரு உடைந்த கண்ணாடிக்காகப் பேச்சு நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் பாதிப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உட்கார்ந்தவர் ‘நான் ஓட்டவில்லையே’ என்று சொல்வது அழகில்லை.

கேள்வி: அந்நிய நாட்டில், மலைக்குள், என் நண்பர் விழுந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? கேட்கவே மனம் வரவில்லை, ஆனால் கேட்கிறேன்.

கேட்டது நல்லது, கிளம்பும் முன் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. முதலில் உங்கள் வண்டியை வளைவுக்கு முன்னால், பின்னே வருபவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கும்படி, இண்டிகேட்டர் எரியவிட்டு நிறுத்துங்கள். இரண்டாவது விபத்து அங்கேதான் நடக்கும். நண்பர் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் அசைக்காதீர்கள், மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் தலைக்கவசத்தையும் கழற்றாதீர்கள். ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155. சுற்றுலாப் போலீஸ் ஆங்கிலத்தில் பேசுவார்கள், மருத்துவமனையோடும் உள்ளூர் போலீசோடும் பேசவும் உதவுவார்கள். சிக்னல் இல்லையென்றால் போகிற வண்டியை நிறுத்துங்கள், அந்த மலை மக்கள் நிறுத்தாமல் போக மாட்டார்கள். பாய், மே சரியாங் போன்ற ஊர்களில் மாவட்ட மருத்துவமனைகள் இருக்கின்றன, பெரிய சிகிச்சை என்றால் சியாங் மாய்க்கு அனுப்புவார்கள்.

அடுத்து காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அன்றே பேசுங்கள், தாமதித்தால் அதையே காரணம் காட்டலாம். போலீஸ் அறிக்கையின் நகல் வாங்குங்கள். புரியாத மொழியில் எழுதிய தாளில், யாராவது மொழிபெயர்த்துச் சொல்லும்வரை, கையெழுத்துப் போடாதீர்கள். கடைக்காரருக்குக் கடைசியில் சொன்னால் போதும், வண்டி காத்திருக்கும்.

இதற்கெல்லாம் இருவரும் ஒருவர் பாஸ்போர்ட் நகலையும் காப்பீட்டு எண்ணையும் ரத்த வகையையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் மற்றவர் பையில் தாளாக வைத்திருக்க வேண்டும். கைப்பேசி பூட்டியிருக்கும், உடைந்தும் போயிருக்கும். இந்த ஒரு தாளை எழுத உட்காரும்போதுதான், பாதிப் பேருக்கு நண்பரின் ரத்த வகையே தெரியாது என்பது தெரியவரும்.

கேள்வி: எனக்கு பாயில் நாலு நாள் இருக்க ஆசை, நண்பருக்கு உடனே அடுத்த ஊர் போக வேண்டும். நடுவில் பிரிந்துவிட்டால் நட்பு கெடுமா?

ஒரு நாள் தனித்தனியாக இருப்பதால் கெடாது, ஒருவர் விருப்பத்துக்கு இன்னொருவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தால்தான் கெடும். இரவு பகல் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரே அறையில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டால் யாருக்கும் சலிக்கும், அது நட்பின் குறை இல்லை. நடுவில் ஒரு பகலை ஆளுக்கொரு பக்கம் போக ஒதுக்கிப் பாருங்கள், ராத்திரி சாப்பிடும்போது இருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

உண்மையிலேயே பிரிந்து ஓட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். இருவருக்கும் தனியாக மலையில் ஓட்டும் அளவு பழக்கம் இருக்க வேண்டும், ஒருவருக்கு இல்லையென்றாலும் பிரியாதீர்கள், அவரைப் பத்திரமாக சியாங் மாய்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மற்றவர் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். இன்னொன்று, வண்டி எடுக்கும்போதே ஒப்பந்தத்தை ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள், முன்பணமும் தனித்தனியாக. இரண்டு வண்டியும் ஒருவர் பெயரில் இருந்தால் மற்றவர் தாமதமாக வரும் ஒவ்வொரு நாளும் அவர் கடைக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தினமும் தங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்புங்கள், எட்டு மணிவரை வராவிட்டால் மற்றவர் விடுதிக்கு போன் செய்து விசாரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விடுதியின் பெயரும் எண்ணும் காலையிலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.